பின்னாலேயே வரும் வண்டி

இது கேஸ்தான். விடியுமுன் எழுந்து ஒரு வாழைப்பழத்தை முழுங்கி, அதன் தலையில் அரைத் தம்ளர் கட்டங்காப்பியையும் ஊற்றினால் வயிறு வேறென்ன செய்யும், மேலே ஏறி நெஞ்சுக்குழியில் உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்கிறது, ஒரு ஏப்பம் வந்தால் போதும், மாதாவே ஒரே ஒரு ஏப்பம், கேட்பது பெரிதாக ஒன்றுமில்லையே. வலது கால், இடது கால். இதை ஓட்டம் என்று சொன்னால் ஓட்டம் கோபித்துக்கொள்ளும், ஆனாலும் கையை மடக்கி வைத்துக்கொண்டால் தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஓட்டம் மாதிரித்தான் தெரியும். கடற்கரைச் சாலையில் எனக்கு முன்னால் ஒருவரும் இல்லை. எல்லாரும் போய்ச் சேர்ந்து மெடலை மாட்டிக்கொண்டு முந்திரி மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்திருப்பார்கள். எனக்குப் பின்னால் ரீகன் வருகிறான். உப்புக் கம்பெனியில் வேலை, கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள், எங்கள் விடியல் ஓட்டக் குழுவில் ரொம்பப் பொறுமைசாலி, அதனால்தான் கடைசி ஆளுக்குப் பின்னால் ஓடுகிற வேலையை இன்று அவனிடம் கொடுத்திருக்கிறார்கள். கையில் மஞ்சள் கொடி. கொடிக்கு முன்னால் இருக்கிறவரைக்கும் நீ ஓட்டக்காரி, கொடிக்குப் பின்னால் போய்விட்டால் ஓட்டத்தில் இல்லை, அவ்வளவுதான் சட்டம். அந்தக் கொடிக்கும் பின்னால் ஆம்புலன்ஸ், முதல் கியரில் முனகிக்கொண்டு, நான் ஓடினால் வருகிறது, நான் நடந்தால் நிற்கிறது, மறுபடி ஓடினால் மறுபடி வருகிறது. திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பினால் ரீகன் என்னக்கா என்பான், என்னவென்று நான் சொல்ல வேண்டியிருக்கும்.

என்னவென்று சொல்ல. நெஞ்சு வலிக்கிறது என்றா, அதுவும் இந்த ஓட்டத்தில். ஊரெல்லாம் சிரிக்கும். இந்த ஓட்டமே மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு ஈசிஜி மெஷினும் அதைப் பார்க்க ஒரு நர்சும் வைப்பதற்காகத்தான், அந்த யோசனையைச் சொன்னதே நான்தான், ஏனென்றால் என் வீட்டுக்காரர் கஸ்பார் அங்கேதான் மீன் ஏலம் கூறிக்கொண்டிருந்தார், அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். தபால் ஆபீசில் என் கவுண்டருக்கு வந்த ஒருத்தரையும் நான் விடவில்லை. ஆர்.டி. கட்ட வந்தவர், ஆதாரில் போன் நம்பர் மாற்ற வந்தவர், சும்மா ஏசிக்காக உள்ளே வந்து உட்கார்ந்தவர், எல்லாரிடமும் நன்கொடை கேட்டேன். கேட்டதோடு விட்டேனா, இந்த வாய் இருக்கிறதே, நான் முழுசா ஓடி முடிச்சாத்தான் நீங்க தரணும், பாதியில நின்னா ஒத்தப் பைசா வேண்டாம் என்றது. யாரும் அப்படி ஒரு கண்டிஷன் கேட்கவில்லை. ஐஸ் கம்பெனி முதலாளி மட்டும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சரிக்கா, நீங்க ஓடி முடிங்க, மெஷின்ல பாதி என் பொறுப்பு என்று சிரித்தார், அந்தச் சிரிப்பு இப்போதும் எனக்கு முன்னால் ஓடுகிறது. இடது தோளில் என்ன, சட்டைத் தையல் உறுத்துகிறதோ. புதுச் சட்டை, துவைக்காமல் போட்டது தப்பு. முகத்தில் வேர்வை, அது வேர்க்கத்தான் செய்யும், ஓடினால் வேர்க்காதா, ஆனால் இந்த வேர்வை ஜில்லென்று இருக்கிறது, உப்புக்காற்று பட்டுவிட்டது, அதுதான்.

அதோ வந்துவிட்டார்கள். வளைவில் வெள்ளைச் சட்டைகள் தெரிகின்றன, கழுத்தில் மெடல்கள் ஆட ஆட எதிரே ஓடி வருகிறார்கள். இது எங்கள் குழுவின் வழக்கம், வேறு ஊரில் உண்டோ என்னவோ, முடித்தவர்கள் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது, திரும்பி வந்து கடைசி ஆளைச் சுற்றி நின்று கூட்டிக்கொண்டு போக வேண்டும். எத்தனை பேரை நான் அப்படிக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன், எத்தனை பேர் என்னை. முதல் தடவை இவர்கள் எனக்காகத் திரும்பி வந்தபோது நடுரோட்டில் நின்று அழுதேன். கஸ்பார் போய் ஒரு வருஷம் வீட்டுக்குள் சத்தமே கிடையாது, அவர் இருந்தால் தண்ணீர் கேட்பதுகூட ஏலம் மாதிரி இருக்கும், அந்தத் தொண்டை நின்றதும் குக்கர் விசிலுக்கே நான் பயந்தேன். மாவு மில் வைத்திருக்கிற வடிவக்கா, சண்முகவடிவு என்று மில் போர்டில் எழுதியிருக்கும், அவள்தான் ஒருநாள் விடிகாலையில் கதவைத் தட்டி, ஏட்டி பிரிஸ்கா, எந்திச்சு வா, சும்மா நடந்துட்டு வருவோம் என்று இழுத்துப் போனாள். நடந்தோம், அப்புறம் ஓடினோம், அப்புறம் ஓடாமல் இருக்க முடியவில்லை. என் நாத்தனார் வயசான காலத்தில் டவுசர் கேட்குதா என்றாள், கேட்கத்தான் செய்தது. உப்பளத்துப் பக்கம் சூரியன் வரும்போது முப்பது பேர் ஒன்றாக மூச்சு விட்டுக்கொண்டு ஓடுகிற சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். இவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் இவர்கள் வந்துவிட்டால் இனி நான் நிற்க முடியாதே.

சுற்றிக்கொண்டார்கள். இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் நாலு பேர், முன்னால் வடிவக்கா பின்பக்கமாகவே ஓடிக்கொண்டு என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள், எல்லாரும் கைதட்டுகிறார்கள், ஒரு தாளத்துக்கு, அந்தத் தாளத்துக்கு என் கால் தானாகப் போகிறது. நான் சொல்லிவிட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டு, முடியல வடிவக்கா, என்றேன். சொன்ன மறு நொடியே தெரிந்துவிட்டது, எங்கள் குழுவில் எதைச் சொல்லக் கூடாதோ அதைச் சொல்லிவிட்டேன் என்று. முடியும்! முடியும்! முடியும்! மூன்று தடவை, தொண்டை கிழிய, எல்லாரும். அதுவும் வழக்கம்தான். யாராவது முடியல என்றால் காதில் விழுந்தவர்கள் அத்தனை பேரும் முடியும் என்று மூன்று தடவை கத்த வேண்டும், கத்தாதவர் அன்றைக்கு எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுக்க வேண்டும். பரோட்டாக் கடையில் ஒருத்தர் நாலாவது பரோட்டாவைத் தள்ளி வைத்து முடியல என்றபோது மொத்தக் குழுவும் எழுந்து நின்று கத்தியது, கடைக்காரர் கல்லிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார். நானும்தான் கத்தினேன். மற்றவர்களைவிட என் சத்தம்தான் பெரிதாக இருக்கும், கஸ்பாரிடமிருந்து ஒட்டிக்கொண்டது. இப்போது பின்னாலிருந்து ரீகனும் முடியும்க்கா என்கிறான். இந்தக் கூட்டத்தில் முடியல என்ற வார்த்தைக்கு அர்த்தமே இல்லை, அதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்குக் கைதட்டல்தான் கிடைக்கும். ரீகன், கொஞ்சம் நிக்கணுமே. நிக்காதியக்கா, நின்னா கால் பிடிச்சுக்கிடும், அப்படியே மெதுவா நடங்க. நெஞ்சுல ஒரு மாதிரி இருக்குப்பா. கைதட்டலில் அவனுக்குச் சரியாகக் கேட்கவில்லை, பக்கத்தில் ஓடி வந்தான், என்னக்கா செய்யுது, என்றான், பாவம், முகத்தில் உண்மையான கவலை, அந்தக் கவலையைப் பார்த்ததும் என் வாய் தானாகச் சொன்னது, ஒண்ணுமில்லப்பா, கேஸு. வாழைப்பழம் தின்னுருப்பிய, அதான், என்றான். ஆமா, அதான், என்றேன். இரண்டு பேருக்கும் நிம்மதி.

கஸ்பாரும் இதைத்தான் சொன்னார். அன்றைக்கு நான் அங்கே இல்லை, பார்த்தவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கரைக்கு வந்த முதல் நாள், சீலா மீன் அப்படி ஒரு பாடு, தரை தெரியாமல் குவிந்து கிடந்ததாம், வாங்க வந்தவர்கள், படகுக்காரர்கள், ஐஸ் உடைக்கிறவர்கள் எல்லாருக்கும் முகமெல்லாம் சிரிப்பு, நடுவில் இவர் நின்று ஏலம் கூறிக்கொண்டிருந்தாராம். ஒரு இடத்தில் சத்தம் நின்றது. நெஞ்சில் கை வைத்தார். யாரோ என்னண்ணே என்று கேட்டதற்குக் கேஸு, ஒண்ணுமில்ல என்று சிரித்து, ஒரு சோடா வாங்கிக் குடித்துவிட்டு மறுபடி கூற ஆரம்பித்தார், கடைசிக் குவியல் வரை கூறி முடித்து, ஐஸ் பெட்டி மேல் போய் உட்கார்ந்தார், அவ்வளவுதான். நான் அவரை மன்னிக்கவே இல்லை. மாலை போட்ட போட்டோவைத் துடைக்கும்போதெல்லாம் திட்டுவேன். ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துகிறதுதானே உமக்குத் தொழில், நெஞ்சு வலிக்குது என்று ரெண்டு வார்த்தை வாயில் வரவில்லையா, எந்த மடையனாவது சோடா குடிப்பானா, என்னை யாரிடம் விட்டுவிட்டுப் போனீர் என்று. மடையன் என்றுதான் நினைத்திருந்தேன். விஷயம் தெரியாமல் போய்விட்டார் என்று நினைத்திருந்தேன். இல்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு இப்போது தெரிகிற மாதிரி. இத்தனை பேர் சந்தோஷமாக இருக்கும்போது நடுவில் நின்றுகொண்டு அதை எப்படிச் சொல்வது, அதுதான் அவருக்குத் தெரியவில்லை. சொன்னால் எல்லாம் நின்றுவிடும். நின்ற பிறகு அது வெறும் கேஸ் என்று ஆகிவிட்டால், அந்த முகங்களை அப்புறம் எப்படிப் பார்ப்பது.

ஆமாம், வெறும் கேஸாக இருந்துவிட்டால். அதுதான் என்னைப் பிடித்து வைத்திருக்கிறது, பொய் சொல்வானேன், சாவைவிட அதுதான் பயமாக இருக்கிறது. ஆல்வின் என்று ஒருத்தர் எங்களோடு ஓடிக்கொண்டிருந்தார், வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா, பக்கத்து ஊர் ஓட்டத்தில் தொடையில் சதை பிடித்து ஆம்புலன்ஸில் ஏறிவிட்டார், ஐந்து நிமிஷத்தில் சரியாகி இறங்கியும் வந்தார், அன்றிலிருந்து அவர் பெயர் ஆம்புலன்ஸ் ஆல்வின். குழுவின் வாட்ஸாப்பில் யார் பிறந்தநாளுக்கு யார் வாழ்த்துச் சொன்னாலும் அடியில் ஒரு ஆம்புலன்ஸ் படம் போடுவார்கள், நானும் போட்டிருக்கிறேன், எல்லாம் விளையாட்டுக்குத்தான், அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார், போன மழைக்குப் பிறகு அவரைக் காணோம். ஈசிஜி மெஷினுக்காக ஓடி, ஆம்புலன்ஸில் ஏறி, ஈசிஜி எடுத்து, ஒன்றுமில்லை, ரெண்டு ஏப்பம் விட்டால் சரியாகிவிடும் என்று அனுப்பி வைத்தால் என் பெயர் என்னவாகும். ஐஸ் கம்பெனிக்காரர் எப்படிச் சிரிப்பார். இடது கை கனக்கிறது. தோளிலிருந்து முழங்கை வரை யாரோ வாளியை மாட்டித் தொங்கவிட்ட மாதிரி, தையல் இல்லை, சட்டை இல்லை, தாடையும் வலிக்கிறது, பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுகிறேன் இல்லையா அதனால்தான், எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது, காரணம் தேட எனக்கு மூளை நன்றாக வேலை செய்கிறது. அதோ வளைவு, வளைவு தாண்டினால் பந்தல். கொஞ்ச தூரம்தான்க்கா என்கிறார்கள். கொஞ்ச தூரம்தான். ஓடி முடித்துவிட்டு, மெடலை வாங்கிக்கொண்டு, மக்ரூனைக் கையில் வாங்கிக்கொண்டு, கூட்டம் கலைந்த பிறகு, யாருக்கும் தெரியாமல் மெதுவாகப் போய் டாக்டரைப் பார்த்தால் என்ன. கஸ்பாரும் கடைசிக் குவியலை முடித்துவிட்டுப் போகலாம் என்றுதான் நினைத்திருப்பார். தாளம் வேகமாகிறது. வடிவக்கா இரண்டு கையையும் நீட்டி, வா பிள்ள, வா வா, என்று தவழ்கிற குழந்தையைக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிடுகிறாள், அவள் கண்ணில் தண்ணீர், என்னை நினைத்துப் பெருமையில் அழுகிறாள். இவ்வளவு அன்பான ஆட்களுக்கு நடுவில் எனக்கு மூச்சு விட இடமில்லை. ஒருத்தரைத் தள்ளிக்கொண்டுதான் வெளியே போக வேண்டும். யாரைத் தள்ள.

நின்றுவிட்டேன். நான் நிற்கவில்லை, கால் நின்றுவிட்டது, என் கால் என்னைவிடக் கொஞ்சம் புத்திசாலி. கைதட்டல் நிற்கவில்லை. முடியும், முடியும், முடியும். இப்போது நான் வாயைத் திறந்தால் கேஸ் என்றுதான் வரும் என்று எனக்கு நன்றாகத் தெரிகிறது, அதனால் திறக்கவில்லை. திரும்பினேன். வந்த வழியே நடந்தேன். இதுவரைக்கும் எங்கள் குழுவில் யாரும் திரும்பி நடந்ததில்லை, அதனால் ஒருத்தருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை, நான் எதையோ கீழே போட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார்கள். என்னத்தக்கா போட்டுட்டிய, செயினா, வீட்டுச் சாவியா. ரெண்டு பேர் குனிந்து தார்ரோட்டில் தேட ஆரம்பித்துவிட்டார்கள். ரீகனைத் தாண்டினேன். அக்கா, பந்தல் அந்தப் பக்கம், என்றான். கொடியைத் தாண்டினேன். தாண்டிய நொடியில் ஓட்டம் முடிந்துவிட்டது, அதாவது முடியாமல் போய்விட்டது, மெஷினில் பாதியும் போயிற்று, அழுகை முட்டிக்கொண்டு வந்தது, வரட்டும், கால் மட்டும் நிற்க வேண்டாம். ஆம்புலன்ஸ் அவ்வளவு பக்கத்தில்தான் இருந்தது, அவ்வளவு தூரமாகவும் இருந்தது. டிரைவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு உளுந்தவடை தின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வடையைத் தாளில் வைத்துவிட்டு அவசரமாக இறங்கினார். என் தோளுக்கு மேலாகக் கூட்டத்தை எட்டிப் பார்த்தார்.

"பேஷன்ட் எங்கக்கா? யாரு விழுந்தது?"

"நாந்தான்."

அவர் இன்னும் எனக்குப் பின்னால்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு கைதட்டலுக்கு நடுவிலிருந்து நடந்து வருகிறவளை யார் பேஷன்ட் என்று நினைப்பார்கள். அவர் சட்டைக் கையைப் பிடித்தேன். "நாந்தாங்கேன். நெஞ்சு வலிக்கு."

வந்துவிட்டது. கஸ்பார், ரெண்டு வார்த்தைதான், பாரும். அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடக்கிறது. கதவு திறக்கிறது, உள்ளேயிருந்து ஒரு சிஸ்டர் என்னை அள்ளுகிற மாதிரி ஏற்றுகிறாள், படுக்க வைக்கிறாள், சட்டையை விலக்கி நெஞ்சில் ஜில் ஜில்லென்று எதையெதையோ ஒட்டுகிறாள். எவ்ளோ நேரமாம்மா வலி? இப்பதான், கொஞ்ச நேரமா. அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கிறாள். இல்ல, பாலம் தாண்டும்போதே இருந்துச்சு, கேஸுன்னு நெனச்சேன். மெஷின் கிர்ரென்று ஒரு தாளைத் தள்ளுகிறது, ஐயோ மாதாவே, இப்போது சொல்லப்போகிறாள், ஒண்ணுமில்லம்மா, எந்திரிங்க என்று சொல்லப்போகிறாள், நான் இறங்கிப் போய் அவர்கள் முன்னால் நிற்க வேண்டும், பின்கண்ணாடியில் தெரிகிறார்கள், வடிவக்கா வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள், ரீகன் கொடியைத் தரையில் ஊன்றிப் பிடித்திருக்கிறான், பின்வரிசையில் விஷயம் தெரியாத யாரோ ஒருத்தர் இன்னமும் கைதட்டிக்கொண்டிருக்கிறார். சிஸ்டர் தாளைப் பார்க்கிறாள். இன்னொரு தடவை பார்க்கிறாள். என்னைப் பார்க்காமல் என் வாயில் மாத்திரையைப் போட்டு, கடிச்சு மெல்லுங்க என்கிறாள், முன்பக்கத்துத் தடுப்பைப் பட்பட்டென்று தட்டுகிறாள், அண்ணே, எடுங்க, சீக்கிரம் எடுங்க. சைரன் அலறுகிறது. முதலில் எனக்கு வருவது பயமில்லை. அப்பாடா, கேஸ் இல்லை, இனி யாரும் சிரிக்க மாட்டார்கள், அதுதான் வருகிறது, வெட்கங்கெட்டதனமாக, அப்படி ஒரு நிம்மதி. பயம் அதற்குப் பிறகுதான் வருகிறது. வந்ததும் சிஸ்டரின் கையை எட்டிப் பிடித்துக்கொள்கிறேன்.